கேலிக்குள்ளான குரல்

நுழையும்முன்

நம் முகத்தைக் கண்ணாடி காட்டிவிடும். நம் குரல் எப்படிப்பட்டது என்பதைப் பெரும்பாலும் பிறர் சொல்லியே அறிகிறோம். அவர்கள் சொல்லும் ஒரு சொல் நம்மைப் பேசவும் தூண்டும், வாய்மூடவும் செய்யும். பள்ளிப் பருவத்தில் தம் குரலுக்காக எள்ளப்பட்ட ஒரு சிறுமி, பின்னாளில் அந்தக் குரலைக்கொண்டே ஒரு நாட்டுக் குழந்தைகளின் தோழமையைப் பெற்றார். ஜப்பானியக் குரல் நடிகர் நொபுயோ ஓயாமாவின் வாழ்வை இப்பாடம் விளக்குகிறது.

குரலே உடலாக

குரலால் நடிப்பவரை ஜப்பானிய மொழியில் 'செய்யூ' என்பர். 'செய்' என்பது குரலையும் 'யூ' என்பது நடிப்பவரையும் குறிக்கும். ஜப்பானில் 1925ஆம் ஆண்டு வானொலி ஒலிபரப்பு தொடங்கியது. முகம் காட்டாமல் குரலால் மட்டும் பாத்திரங்களைப் படைக்கும் கலை வானொலி நாடகங்களில் வேர்விட்டது. 1953இல் தொலைக்காட்சி வந்தபின், அயல்நாட்டுத் தொடர்களுக்கு ஜப்பானிய மொழியில் குரல்கொடுக்க மேடை நடிகர்கள் பலர் தேவைப்பட்டனர். 1963இல் 'அஸ்ட்ரோ பாய்' வாரந்தோறும் ஒளிபரப்பாகத் தொடங்கியதும், அசைவூட்டப் படங்கள் இக்கலைஞர்களுக்குப் புதிய களமாயின.

அசைவூட்டப் படத்திற்குக் குரல்கொடுப்பது எளிய பணியன்று. ஜப்பானில் பெரும்பாலும் படக்காட்சிகளைத் திரையில் ஓடவிட்டு, அவற்றுக்கு ஏற்பக் குரலைப் பதிவு செய்கின்றனர். பாத்திரத்தின் வாய் திறக்கும்போது சொல் தொடங்க வேண்டும்; வாய் மூடும்போது முடிய வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒலிவாங்கிகள் சில, நடிகர்களோ பலர். தம் முறை வந்ததும் ஓசையின்றி முன்வந்து பேசி, ஓசையின்றியே விலகிப் பிறருக்கு இடம்விட வேண்டும். கையிலுள்ள உரையாடல் தாளைப் புரட்டும் ஒலிகூடப் பதிவாகிவிடும். சினமும் அழுகையும் ஓட்டமும் களைப்பும் நின்ற இடத்திலேயே குரலில் பிறக்க வேண்டும்.

தாய் காட்டிய வழி

நொபுயோ ஓயாமா 1933ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் டோக்கியோ நகரின் ஷிபுயா பகுதியில் பிறந்தார். இயல்பிலேயே அவருடைய குரல் கனத்தும் கரகரத்தும் ஒலித்தது. பெண்பிள்ளையின் குரல் மென்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணிய உடன்பயிலும் மாணவியர் அவரை எள்ளி நகைத்தனர். மனம் நொந்த அவர், பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

மகளின் மௌனத்தைக் கண்ட தாய், குரல் இனிமையானதுதான் என்று பொய்யாகத் தேற்றவில்லை. கேலி செய்தவர்களைப் பழிக்கவும் இல்லை. கண்ணோ காலோ வலுவற்றது என்று கருதி அதனைப் பயன்படுத்தாமல் விட்டால், அது மேலும் வலுவிழக்கும்; குரலும் அத்தகையதே; ஆகவே, நாள்தோறும் குரலுக்கு வேலை கொடு என்று அறிவுறுத்தினார். அவ்வாறே, பள்ளியின் ஒலிபரப்புக் குழுவில் ஓயாமா சேர்ந்தார். மறைக்க நினைத்த குரலை எல்லாரும் கேட்கும் இடத்திற்கே அவர் கொண்டுசென்றதுதான் அவருடைய வாழ்வின் திருப்புமுனை.

பின்னர் ஹையூசா நாடகக் குழுவின் பயிற்சிப் பள்ளியில் நடிப்புக் கலையைக் கற்றார். 1956இல் தொலைக்காட்சி நாடகத்தில் அறிமுகமானார். 1957இல் 'லாஸி' என்னும் அமெரிக்கத் தொடரின் ஜப்பானிய வடிவத்தில் குரல் நடிகரானார். சிறுவர் பாத்திரங்களுக்குப் பெண்கள் குரல்கொடுப்பது ஜப்பானில் இன்றும் உள்ள வழக்கம். பதின்பருவச் சிறுவனின் குரல் உடைந்து மாறிவிடும். தேர்ந்த நடிகையின் குரலோ ஆண்டுகள் பல கடந்தும் நிலைத்திருக்கும். பெண்ணுக்குப் பொருந்தாது என்று எள்ளப்பட்ட ஓயாமாவின் குரல், குறும்புச் சிறுவர்களுக்கு மிகவும் பொருந்தியது. 1969இல் தொடங்கிய 'சசாஏ-சான்' தொடரில் கட்சுவோ என்னும் சிறுவனுக்கு முதன்முதலில் குரல்கொடுத்தவர் அவரே.

> தெரிந்து தெளிவோம்
> 1960 முதல் 1967 வரை ஜப்பானியத் தொலைக்காட்சியில் 'பூ ஃபூ ஊ' என்னும் பொம்மலாட்டத் தொடர் ஒளிபரப்பானது. மூன்று பன்றிக்குட்டிகளைப் பற்றிய அத்தொடரில் மூத்த குட்டிக்கு ஓயாமா குரல்கொடுத்தார். இளைய குட்டிக்குக் குரல்கொடுத்தவர் டெட்சுகோ குரோயாநாகி. தமிழிலும் வெளிவந்துள்ள 'டோட்டோ-சான்' என்னும் நூலின் ஆசிரியர் இவரே.

டோரேமானின் மொழி

ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ படைத்த 'டோரேமான்' படக்கதை 1969ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவரத் தொடங்கியது. நோபிட்டா என்னும் சிறுவனுக்குத் துணைநிற்க, 22ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் எந்திரப் பூனையே டோரேமான். 1973இல் இக்கதை தொலைக்காட்சிக்கு வந்து அரையாண்டில் நின்றுபோனது. 1979 ஏப்ரல் 2ஆம் நாள் புதிய தொடர் தொடங்கியபோது டோரேமானாகப் பேசியவர் ஓயாமா. அப்போது அவருக்கு வயது 45.

உயிருள்ள பூனையும் அன்று, மனிதனும் அன்று. இத்தகைய பாத்திரம் எப்படிப் பேசும்? ஓயாமா அதன் பிறப்பின் நோக்கத்தை எண்ணிப் பார்த்தார். குழந்தையைப் பேணுவதற்காக உருவாக்கப்பட்ட எந்திரம் இழிசொற்களைக் கற்றிருக்காது என்று முடிவுசெய்தார். டோரேமானின் வாயிலிருந்து வசைச்சொல் வராதபடி பார்த்துக்கொண்டார். பணிவான ஜப்பானிய நடையில் "நான் டோரேமான்" என்று அப்பூனை தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் முறையும் அவரால் புகழ்பெற்றது. பேசக் கற்கும் குழந்தைகள் தம் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கின்றனர் என்னும் பொறுப்புணர்வே இதற்குக் காரணம். எழுதித் தந்த சொற்களை ஒப்பிப்பவராக நில்லாமல், பாத்திரத்தின் பண்பையே வடித்துக் கொடுத்தவராக அவர் உயர்ந்தார்.

விடைபெறுதலும் மறதியும்

26 ஆண்டுகள் அவர் டோரேமானாகப் பேசினார். 1980 முதல் 2004 வரை வெளிவந்த 25 திரைப்படங்களிலும் அக்குரல் ஒலித்தது. 2001இல் அவர் புற்றுநோய்க்கு அறுவை மருத்துவம் செய்துகொண்டார். 2005 மார்ச் மாதத்தில் நோபிட்டா, ஷிசுகா, சுனியோ, ஜியான் ஆகியோருக்குக் குரல்கொடுத்த நால்வருடன் ஒருசேர விடைபெற்றார். அடுத்த மாதமே வசாபி மிசுதா என்னும் இளைய கலைஞரின் குரலில் தொடர் தொடர்ந்தது. 2006இல் ஓயாமா எழுதிய நூலின் தலைப்பு 'நான் டோரேமானாக இருந்தேன்' என்று பொருள்படும். நிகழ்காலத்தில் கூறிவந்த ஒரு தொடரை இறந்தகாலத்திற்கு மாற்றியதில், பிரிவின் வலி முழுவதும் அடங்கியுள்ளது.

2010இல் வெளிவந்த 'டங்கன்ரோன்பா' என்னும் காணொலி விளையாட்டில் மொனோகுமா என்னும் கொடிய கரடிக்கு அவர் குரல்கொடுத்தார். அன்பின் அடையாளமாக விளங்கிய குரல் அச்சத்தையும் விளைவித்தது. 2012இல் அவருக்கு மறதிநோய் இருப்பது கண்டறியப்பட்டது. அவருடைய கணவரும் நடிகருமான கெய்சுகே சகாவா 2015இல் இதனை வெளிப்படையாக அறிவித்தார். மனைவியைப் பேணிவந்த அவர் 2017இல் காலமானார். 2024 செப்டம்பர் 29ஆம் நாள், தமது 90ஆம் வயதில் முதுமையால் ஓயாமா மறைந்தார்.

குரல் உடைகின்ற பருவம் பதின்பருவம். கீச்சென்றோ கரகரத்தோ ஒலிக்கும் ஒருவரின் குரலைக் கேட்டு வகுப்பு சிரிக்கிறது. அவரும் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைக்கிறார். அவர் சொல்லாமல் விட்ட கருத்தும் கேட்காமல் விட்ட ஐயமும் எத்தனை என்று எவரும் கணக்கிடுவதில்லை. ஓயாமாவின் குரல் இறுதிவரை மாறவில்லை. அதைப் பயன்படுத்தும் துணிவே மாறியது. அத்துணிவை ஊட்ட ஒரு தாய் இருந்தார். அருகில் அமர்ந்திருக்கும் தோழருக்கு அதனை ஊட்டுவது நம்மாலும் இயலும்.

கற்பவை கற்றபின்...

1. ஒரு சிறுவர் கதையைத் தேர்ந்தெடுத்து, பாத்திரங்களுக்கேற்பக் குரல்மாற்றி வகுப்பறையில் வானொலி நாடகமாக நடித்துக் காட்டுக.
2. 'குழந்தைகள் கேட்கும் மொழி' என்னும் தலைப்பில் கலந்துரையாடிக் கருத்துகளைத் தொகுக்க.

குறுவினா

'செய்யூ' என்னும் சொல்லின் பொருளை விளக்குக.

சிறுவினா

ஓயாமாவுக்குத் தாய் கூறிய அறிவுரையின் சிறப்பினை எழுதுக.

நெடுவினா

'குரல் நடிகர் பாத்திரத்தின் பண்பையும் படைக்கிறார்' - ஓயாமாவின் வாழ்வைக்கொண்டு நிறுவுக.