ஊசி ஏறினால்: ஓட்டுவதா, ஓரங்கட்டுவதா?

திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழியாகத்தான் போகிறது. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் பானட்டைத் திறந்துவைத்து ஓரமாக நிற்கும் கார்களை இந்தச் சாலையில் பார்க்கலாம். நிற்பவர்கள் பிழைத்தவர்கள். "பத்து கிலோமீட்டர்தானே, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று மிதித்தவர்கள்தான் என்ஜின் ஹெட்டைக் கழற்ற வேண்டி வருகிறது. வண்டி சூடாவதற்குக் காரணம் பெரும்பாலும் ரேடியேட்டர் மூடி, ஓஸ், ஃபேன் ரிலே என்று சில்லறைச் சாமானாகத்தான் இருக்கும். அந்தச் சூட்டோடு ஓட்டுவதுதான் பெருஞ்செலவு.

முதலில் நிறுத்துங்கள்

டாஷ்போர்டில் சூடு காட்டும் ஊசி வழக்கமான இடத்தைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் ஏசியை அணையுங்கள். கண்ணாடியை இறக்கி, ஹீட்டரை முழுசாகத் திருப்புங்கள். சித்திரை வெயிலில் ஹீட்டரா என்று வீட்டார் முறைப்பார்கள். பரவாயில்லை, என்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே தள்ளும். சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ உடனே ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிட வேண்டும். சின்ன கார்கள் பலவற்றில் ஊசியே கிடையாது. குளிரில் நீல விளக்கு, சூட்டில் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். அந்தச் சிவப்பு எரிந்தால் யோசிக்க நேரமில்லை.

ஏறிய ஊசி திடீரென்று கீழே விழுந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். தண்ணீர் வற்றி, சென்சார் வெறும் ஆவியில் நிற்கலாம். மாறாக, பால்கோவா வாங்க நிறுத்தி சாவியை எடுத்த பிறகும் ஃபேன் கொஞ்ச நேரம் சுற்றினால் பயப்பட வேண்டாம். பல வண்டிகளில் அது இயல்பு.

அரை மணி நேரம் கை வைக்காதீர்கள்

ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஓஸை அமுக்கிப் பார்த்தால் மெத்தென்று இருக்க வேண்டும். அதுவரை மூடியைத் தொடக்கூடாது. சூடான என்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் கூடாது. அலுமினிய ஹெட் வளைந்துவிடும்.

காத்திருக்கும் நேரத்தில் குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள். ஏசியிலிருந்து சொட்டுவது நிறமும் வாடையும் இல்லாத தண்ணீர். கூலண்ட் பச்சையோ ரோஸோ, ஏதாவதொரு நிறத்தில் இருக்கும், விரலில் வழுக்கும், லேசாக இனிப்பு வாடை அடிக்கும். குழந்தையோ நாயோ அதை நக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விஷம்.

எப்போது சூடேறியது?

மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் நெரிசலில் ஊர்ந்தபோது ஏறி, ஊரைத் தாண்டிக் காற்று பட்டதும் இறங்கியதா? ஃபேனைச் சந்தேகப்படலாம்: மோட்டார், ரிலே, ஃபியூஸ். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போதே ஏறியதா? கூலண்ட் குறைவு, அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று பார்க்க வேண்டும். சமவெளியில் ஒழுங்காக இருந்துவிட்டு புளியரை தாண்டி மலை ஏறும்போது மட்டும் ஏறுகிறதென்றால், பாதி அடைத்த ரேடியேட்டர் முழுப் பாரம் தாங்காமல் திணறுகிறது என்று பொருள்.

ஊற்றிப் பாருங்கள்

ஆறியபின் மூடிமேல் கெட்டித் துணி போட்டு மெதுவாகத் திறந்து, அளவு பார்த்து நிரப்புங்கள். கூலண்ட் இல்லாவிட்டால் கேன் தண்ணீர் போதும். உப்புப் போர் தண்ணீர் அவசரத்துக்கு மட்டும். உள்ளே உப்புப் படிந்துவிடும். பிறகு ஐந்து முதல் பத்து நிமிடம் என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஃபேன் சுற்றுகிறதா, அளவு நிற்கிறதா என்று பாருங்கள்.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் சாவியை எடுத்துவிடுங்கள்: ஊற்றிய வேகத்தில் ஒழுகுவது, கூலண்ட் தொட்டியில் விடாமல் குமிழி வருவது, சைலன்சரில் நிற்காத வெள்ளைப் புகை, ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருப்பது. கடைசி மூன்றும் ஹெட் கேஸ்கட் போனதன் அடையாளங்கள். ரிக்கவரி வண்டிதான் வழி. இன்சூரன்ஸில் சாலை உதவி சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033.

அளவு நின்று, ஊசியும் ஏறாமல் இருந்தால் மட்டும், பட்டறை வரைக்கும் ஓட்டலாம். ஏசி போடாமல், 50 கிலோமீட்டர் வேகத்தில், சில கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்திப் பார்த்து. ஃபேன் ஓடாவிட்டால் காலியான சாலையில் மட்டும்; நெரிசலுக்குள் நுழையக்கூடாது. சேத்தூரில் நிற்கிறீர்கள் என்றால் இராஜபாளையத்துக்குத் திரும்புங்கள். தென்காசிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு வேண்டாம். ஆரியங்காவு ஏற்றம் அன்றைக்கு நினைத்தே பார்க்கக் கூடாது.

பட்டறையில்

மூடியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். விலை குறைவு, ஆனால் அழுத்தம் பிடிக்காத மூடி பல கேடுகளுக்குக் காரணம். அடுத்து ரேடியேட்டருக்குக் காற்றழுத்தம் கொடுத்து ஒழுகல் பார்ப்பது, பிறகு ஃபேன், தெர்மோஸ்டாட், பம்ப்.

இரண்டு குறுக்கு வழிகளுக்குத் தலையாட்டாதீர்கள். "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுடலாம், நம்ம வெயிலுக்கு அது எதுக்கு" என்பது ஒன்று. அது இல்லாவிட்டால் என்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். "ஃபேனை டைரக்ட் கொடுத்துடலாம்" என்பது மற்றொன்று. வீடு போய்ச் சேர ஒரு நாளைக்குச் சரி. அப்படியே விட்டால் மோட்டார் சீக்கிரம் போய்விடும், உண்மையான கோளாறும் மறைந்தே இருக்கும்.

ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால், கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடிவிடாமல், லேத் பட்டறையில் ஹெட்டின் மட்டம் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்த ஹெட்டில் புது கேஸ்கட் தாங்காது. பிளாக்கே விரிசல் விட்டிருந்து, செலவு வண்டி விலையில் பாதியைத் தாண்டினால், விற்றுவிடுவதுதான் என் கட்சி.

வேலை முடிந்ததும் கூலண்ட்டும் சுத்த நீரும் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில் ஊற்றி, காற்றுக் குமிழி எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பிறகு ஏசி போட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஒரு நடை போய் வாருங்கள். மறுநாள் காலை, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது அளவு பாருங்கள். ஓரளவு குறைந்தால் காற்று வெளியேறியிருக்கும். நிரப்பிவிட்டு அடுத்த நாளும் பாருங்கள். மறுபடியும் குறைந்தால் வண்டியை அதே பட்டறையில் விடுங்கள்.