சொற்களைக் காக்கும் கோப்பு

மாணவர்களே! உங்கள் வீட்டுப் பெரியோர் வழங்கும் தமிழ்ச் சொற்களை ஒரு விரிதாளில் தொகுப்பதே இப்பாடத்தின் செயல்திட்டமாகும். முதல் நெடுவரிசையில் சொல், இரண்டாவதில் தமிழில் அதன் பொருள், மூன்றாவதில் மலையாளத்தில் அதன் பொருள், நான்காவதில் சொன்னவரின் ஊர் ஆகியவற்றை எழுதுக. ‘வெள்ளம்’ என்பது தமிழில் பெருக்கெடுத்த நீர். மலையாளத்தில் குடிக்கும் நீரும் வெள்ளமே. தமிழில் ஆடு மாடுகளை அடைக்கும் இடமாகிய ‘பட்டி’, மலையாளத்தில் நாயைக் குறிக்கும். ஊரிலுள்ள பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டு எழுதிய சொற்கள் அழிந்துவிட்டால், அவற்றை மீண்டும் திரட்டுவது எளிதன்று. எனவே, கோப்பைச் சேமிக்கும் முறையையும் பகிரும் முறையையும் முதலில் அறிவோம்.

எவ்வடிவில் சேமிப்பது?

எக்செல் மென்பொருளின் பழைய வடிவம் எக்ஸ்.எல்.எஸ். ஆகும், 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். வழங்குகிறது. லிப்ரே ஆபீஸ் கால்க் மென்பொருளுக்கு உரியது ஓ.டி.எஸ். இது 2006இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட திறந்த ஆவண வடிவத்தைச் சார்ந்தது. இதன் அமைப்பு வெளிப்படையானது. ஆதலால் இதனைத் திறக்கும் மென்பொருளை எவரும் உருவாக்கலாம். திருவனந்தபுரம் பூஜப்புரையில் இயங்கும் ‘கைட்’ நிறுவனம், கேரள அரசுப் பள்ளிகளுக்கு லிப்ரே ஆபீஸ் அடங்கிய கட்டற்ற மென்பொருள் தொகுப்பை வழங்குகிறது. ஆகவே, அப்பள்ளிகளில் பயிலும் உங்கள் நண்பர்களும் ஓ.டி.எஸ். கோப்பை எளிதில் திறப்பர்.

வடிவத்தைத் தேர்வது சிறு செயலன்று. எக்ஸ்.எல்.எஸ். தாளில் 65,536 கிடைவரிசைகளே உண்டு, எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். தாளில் 10,48,576 உண்டு. 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, கொரோனா ஆய்வு முடிவுகளைப் பழைய வடிவக் கோப்புகளில் ஏற்றியது. தாள் நிறைந்தபின் வந்தவை பதிவாகவில்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்களின் விவரங்கள் அன்றாடக் கணக்கில் விடுபட்டன. அவர்களோடு பழகியவர்களைக் கண்டறிந்து எச்சரிக்கும் பணியும் தாமதமாயிற்று.

தமிழ் எழுத்துகள் சிதையாதிருக்க

எல்லா மென்பொருள்களும் படிக்கக்கூடிய எளிய வடிவம் சி.எஸ்.வி. ஆகும். ஆயினும் அதில் வாய்பாடுகளும் வண்ணங்களும் நில்லா. ஒரு தாள் மட்டுமே சேமிக்கப்படும். அவ்வடிவில் சேமிக்கும்போது ‘யூனிகோடு யூ.டி.எஃப்.-8’ என்னும் எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ் எழுத்துகள் இல்லாத குறியாக்கத்தைத் தேர்ந்தால், ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாக மாறிவிடும். அக்கோப்பை மூடியபின் பாட்டி சொன்ன சொல்லை அதிலிருந்து மீட்க இயலாது. ஆதலால் மூலக்கோப்பை ஓ.டி.எஸ். வடிவில் எப்போதும் தனியே வைத்திருங்கள். மற்றொரு படியை விரலியிலோ மேகச் சேமிப்பிலோ வையுங்கள்.

எவ்வாறு பகிர்வது?

ஒரே கோப்பை ஐவருக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் ஐந்து படிகள் உண்டாகும். ஒருவர் செய்த திருத்தம் மற்றவரைச் சேராது. இணையத்தில் வைத்து இணைப்பை மட்டும் அனுப்பினால், அனைவரும் ஒரே கோப்பில் பணியாற்றலாம். அப்போது யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்பதை நீங்களே வரையறுக்க வேண்டும். சொற்களைத் தொகுப்போருக்குத் திருத்தும் உரிமையும், படிப்போருக்குப் பார்க்கும் உரிமையும் போதும். பிறருடைய தொலைபேசி எண், முகவரி ஆகியவற்றைப் பகிரும் கோப்பில் எழுதாதீர்கள்.

அருஞ்சொற்பொருள்

கிடைவரிசை – இடமிருந்து வலமாகச் செல்லும் வரிசை
நெடுவரிசை – மேலிருந்து கீழாகச் செல்லும் வரிசை
குறியாக்கம் – எழுத்துகளைக் கணினிக்குரிய எண்களாக மாற்றும் முறை
விரலி – கோப்புகளைச் சேமித்து எடுத்துச்செல்லும் சிறு கருவி, பென் டிரைவ்

பயிற்சி

1. இங்கிலாந்தில் விவரங்கள் விடுபட்டதற்குக் காரணம் யாது?
2. மின்னஞ்சலில் கோப்பை அனுப்புவதற்கும் இணைப்பைப் பகிர்வதற்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
3. வீட்டுப் பெரியோரிடம் கேட்டுப் பத்துச் சொற்களைத் தொகுத்து, ஓ.டி.எஸ்., சி.எஸ்.வி. ஆகிய இரு வடிவங்களிலும் சேமித்திடுக. இரண்டையும் மீண்டும் திறந்து, தமிழ் எழுத்துகள் பிழையின்றித் தெரிகின்றனவா எனச் சரிபார்க்க.