இறுகிய பாறையும் கிடைக்கிணறும்

நிலத்தினடியில் வாயு உளதாதல் வேறு. அஃது எம் கைக்கு வருதல் வேறு. இவ்விரண்டற்கும் இடைநிற்கும் தடை யாதென்பதை, அமெரிக்க நாட்டு டெக்சாஸ் மாகாணத்துப் பார்னெட் களிப்பாறையைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பாறை தன்னூடே வாயுவைச் செல்லவிடும் தன்மையை ஊடுவிடுதிறன் என்போம். 1856-ஆம் ஆண்டில் மணலூடு நீர் செல்லும் விதியை வெளியிட்ட பிரெஞ்சுப் பொறியியலார் டார்சியின் பெயரே இதற்கு அளவாயிற்று. ஒரு டார்சியிற் பதினாயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த திறனுடையதை இறுகிய பாறை என்பர். பார்னெட் பாறையோ அதனினும் பன்மடங்கு இறுகியது.

ஜார்ஜ் மிச்செல் என்பாரின் நிறுவனம் 1981-இல் அப்பாறையில் தன் முதற்கிணற்றைத் தோண்டிற்று. கெட்டியான குழம்பிற்கு மாறாக, மிக்க நீருடன் சிறிது மணலைச் செலுத்திப் பாறையைப் பிளக்கும் முறையை அது 1997-இல் கையாண்டது. அதன் பின்னரே முயற்சி பயன்தரலாயிற்று. 2002-இல் அந்நிறுவனம் டெவன் நிறுவனத்தின் கைப்பட்ட பின்னர், பாறையினூடே படுக்கையாகச் செல்லும் கிடைக்கிணறுகள் பெருகின.

இத்தகைய கிணற்றின் விளைவை நிருணயிப்பன யாவை? பாறையின் ஊடுவிடுதிறன், அதன் கனம், உள்ளமுக்கம், கிணற்றின் கிடைநீளம், பிளவுகளின் நீளமும் இடைவெளியும், பிளவு மூடாதவாறு மணல் தாங்கி நிற்றல் என்பனவாம். நெடுந்தெரு ஒன்றிருந்தும் சந்துகள் இல்லையேல் உள்வீட்டார் வெளிவருதல் அரிதன்றோ? கிணறு தெருவாம், பிளவுகள் சந்துகளாம்.

இவற்றுள் இடைவெளியே நுணுகி நோக்கற்பாலது. பாறையுள் அமுக்கக்குறைவு பரவும் காலம் தொலைவின் வருக்கத்தைப் பொறுத்தது. பிளவுகள் 200 அடி விலகி நிற்பின், நடுவிலுள்ள வாயு 100 அடி கடத்தல் வேண்டும். இடைவெளியை 100 அடியாகக் குறைப்பின் 50 அடியே. காலமோ நாலில் ஒன்றாகும். ஆயின் மிக நெருக்கின், அயற்பிளவுகள் ஒரே வாயுவிற்குப் போட்டியிடும். செலவு மிகும், வரவு மிகாது.

இன்னுமொன்று. பிளவையடுத்த வாயு முதலில் விரைந்து வரும். தொலைவிலுள்ளது தாழ்த்தே வரும். ஆதலின் முதலாண்டிற்குள்ளேயே விளைவு பாதிக்கு மேல் குறைதல் பெரும்பான்மை. ஃபோர்ட் வொர்த் நகரத்தார் பலர் தம் நிலத்தடி வாயுவைக் குத்தகைக்கு விட்டு விளைவிற் பங்கு பெறுவர். முதன்மாத வரவே என்றும் நிற்குமென்று எண்ணிக் கடன்கொள்வார் பின்னர் இடர்ப்படுவர். கிணற்றின் நீளத்தையும் தொடக்கத்துப் பெருக்கையும் மட்டும் கண்டு மதிப்பிடாது, பாறையின் இயல்பையும் உடன்வைத்து எண்ணுதலே அறிவுடைமையாம்.