நிலைப்பொருள் அமைப்புக் கோப்புகளில் வரிசை விதிகள்

போர்ட் கொச்சிக் கடற்கரையில் சீன வலைகள் இயங்குவதைக் கண்டோர், அவற்றின் பின்புறம் கயிறுகளில் தொங்கும் பெருங்கற்களையும் கவனித்திருப்பர். கயிறுகளின் நீளம் ஒன்றுபோல் இராது. வலை மேலெழும்போது கற்கள் ஒவ்வொன்றாகத் தளத்தில் அமர்ந்து எடையைச் சமன் செய்கின்றன. அதே கற்களை முறை மாற்றிக் கட்டினால் சமநிலை கெடும். கணினிக்கு மின்சாரம் கொடுத்ததும் முதலில் இயங்கும் நிரலாகிய நிலைப்பொருளை உருவாக்குவதிலும் வரிசை இத்தகைய முக்கியத்துவம் உடையது.

இத்துறையில் பரவலாகப் பயன்படும் திறந்த மூலத் தொகுப்பு இடிகே-2 ஆகும். நிரற்கூறு, நிரற்கூறுகளின் தொகுதி, கணினி முழுவதும், பிளாஷ் நினைவக அமைப்பு ஆகிய ஒவ்வொன்றையும் விவரிக்க இதில் தனித்தனிக் கோப்பு உண்டு. இக்கோப்புகளில் வரிசை மூவகையாகப் பொருள்படுகிறது.

முதலாவது, இட வரிசை. நினைவகப் பகுதிகளைத் தொடக்க முகவரியின் ஏறுவரிசையில் எழுத வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று படியலாகாது.

இரண்டாவது, இயக்க வரிசை. சாதாரணமாக ஒவ்வொரு கூறும் தனக்குத் தேவையானவை ஆயத்தமான பின்னரே இயங்கும். ஆனால் முன்னுரிமைப் பட்டியலில் இடம்பெற்றவை, அத்தேவைகளைச் சோதிக்காமலே, எழுதிய வரிசைப்படி முதலில் இயக்கப்படும். எனவே இப்பட்டியலைச் சுருக்கமாக வைத்தல் நலம்.

மூன்றாவது, மதிப்பு வரிசை. ஓர் அளவை பல இடங்களில் குறிக்கப்பட்டிருந்தால் எது செல்லும்? தொகுதிக் கோப்பிலுள்ள இயல்பு மதிப்பைக் கணினிக் கோப்பிலுள்ள மதிப்பு வெல்லும். கட்டளை வரியில் தரப்படும் மதிப்பு அனைத்தையும் வெல்லும். சான்றாக, காத்திருப்பு நேரம் தொகுதிக் கோப்பில் 10 விநாடி, கணினிக் கோப்பில் 3 விநாடி என்றிருந்தால், 3 விநாடியே நிலைக்கும். தொகுதிக் கோப்பை மட்டும் திருத்துவோரின் உழைப்பு வீணாகும். பிழைச் செய்தியும் வராது.

இதில் அலுவலர்கள் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மிக வலிமையான கட்டளை வரி மதிப்பு எந்த அமைப்புக் கோப்பிலும் பதிவாவதில்லை. கோப்புகளை மட்டும் பெற்றுச் சரிபார்ப்பவர், உண்மையில் உருவான நிலைப்பொருளைச் சரிபார்த்தவர் ஆகார்.

சென்னை ஐஐடியின் சக்தி, சி-டாக் நிறுவனத்தின் வேகா ஆகிய செயலிகள் நம் நாட்டில் வடிவமைக்கப்பட்டவை. இத்தகைய முயற்சிகளை ஊக்குவிக்க 2022-இல் மத்திய அரசு டிஐஆர்-வி திட்டத்தை அறிவித்தது. செயலி நமதானால், அதை எழுப்பும் நிலைப்பொருளையும் நாம் ஐயமறப் புரிந்துகொள்ளுதல் இன்றியமையாதது. இடிகே-2 கருவிகள் ஒவ்வொரு மதிப்பும் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும் அறிக்கையைத் தர வல்லவை. நிலைப்பொருளை ஏற்கும்போது கோப்புகளோடு அவ்வறிக்கையையும் கேட்டுப் பெறுவதை ஒரு விதியாகவே கொள்ளலாம்.