சமூகப் பணி ஆய்வேடு: தலைப்பும் மையக் கருத்தும்

எம்.எஸ்.டபிள்யூ. மாணவர்கள் பலர் ஆய்வேட்டில் திணறுவது தலைப்பில்தான். சில குறிப்புகள்:

● களப்பணிக்குப் போகும் இடத்திலேயே தலைப்பைத் தேடுங்கள். முதியோர் இல்லமோ, அரசு மருத்துவமனையோ, அங்கே அடிக்கடி காதில் விழும் குறையை அன்றன்றே குறித்து வையுங்கள்.

● ‘முதியோர் பிரச்சினைகள்’ என்பது மிகப் பரந்த தலைப்பு. யார், எங்கே, எது பற்றி என்று கேட்டுக் குறுக்குங்கள். ‘பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டு மனு கொடுக்கத் தயங்கும் கிராமத்து முதியோர்’ என்றால் ஒரு பருவத்துக்குள் முடிக்கலாம்.

● தொடர்புடைய சட்டத்தை முதலில் படியுங்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். தமிழ்நாட்டில் அதற்குத் தலைவர் வருவாய்க் கோட்டாட்சியர்.

● மையக் கருத்து ஒரே வாக்கியமாக, மறுத்துப் பேச இடம் தருவதாக இருக்கட்டும். ‘முதியோர் புறக்கணிக்கப்படுகிறார்கள்’ என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. ‘சட்டம் தெரியாததைவிட, பிள்ளையை ஊரார் ஏசுவார்களே என்ற பயமே முதியோரை மனு கொடுக்க விடாமல் தடுக்கிறது’ என்பது சோதித்துப் பார்க்கக்கூடிய வாதம்.

● நேர்காணலில் வேறு பதில் வந்தால் வாக்கியத்தைத் திருத்துங்கள், தரவை வளைக்காதீர்கள்.

● குழந்தைகள் இல்லம் போன்ற இடங்களில் அனுமதி கிடைக்கத் தாமதமாகும். தலைப்பை உறுதி செய்யும் முன்பே விசாரித்துவிடுங்கள். பேட்டி தருபவரின் ஒப்புதலைப் பெறுங்கள். ஆய்வேட்டில் அவர் பெயரை மாற்றி எழுதுங்கள்.