தளிரைக் கண்டு மகிழலாமா?

கன்றுகளைக் கையோடு கொண்டுபோய்ப் புது இடத்தில் நடும் நாம், அமெரிக்கக் கிழக்குக் காடுகளின் டொக்வுட் மரத்துக்கு நேர்ந்ததை அறிவது நல்லது. அழகுக்காக வீட்டு முற்றத்திலும் வளர்க்கும் மரம் இது. 1970களின் பிற்பகுதியில் அந்திரக்னோசு என்னும் பங்கசு நோய் இதிலே காணப்பட்டது.

முதலில் கீழ்க்கிளை இலைகளில் ஊதா விளிம்புள்ள புள்ளிகள் தோன்றும். பின்பு அடித்தண்டில் இளந்தளிர்கள் வெடிக்கும். மரம் தேறிவிட்டது என்று நாம் மகிழ்வோம். ஆனால் அத்தளிர்கள் வழியாகவே பங்கசு தண்டுக்குள் இறங்கிப் பட்டையை அழிக்கிறது. ஆகவே அவற்றையும் பட்ட கிளைகளையும் மழையில்லா நாளில் வெட்டி அகற்ற வேண்டும். உதிர்ந்த இலைகளையும் கூட்டி அள்ளுதல் நன்று.

ஈரமும் நிழலுமே இந்நோய்க்கு வாய்ப்பு. வெயிலும் காற்றும் படும் மரம் பெரும்பாலும் தப்பிவிடும். நீரை இலையில் தெளியாது வேரடியில் ஊற்றுவர். காட்டிலிருந்து கன்று பிடுங்கி வந்து நடுவதில்லை. நோயும் கூடவே வந்துவிடும்.