நாமினி போட்டாச்சு, அப்புறமென்ன?

அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மன்னார்குடிப் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை. எங்கள் பள்ளிக்கூட ஃபீஸ், பெரியப்பா மகளின் வளைகாப்பு, சித்தப்பாவின் கடைக் கடன் எல்லாம் அவர் சம்பளத்தில் நடந்தவை. கல்யாண வீடுகளில் ஸ்டோர் ரூம் சாவி அவர் இடுப்பில் இருக்கும். ஆரத்தி எடுக்க மட்டும் கூப்பிட மாட்டார்கள். அதற்குச் சுமங்கலி வேண்டுமாம்.

பக்கவாதம் வந்து படுத்தபோது என் வீட்டுக்குத்தான் வந்தார். துடைத்தது, ஊட்டியதையெல்லாம் விவரிக்கப் போவதில்லை. உங்கள் வீட்டிலும் ஒருவர் படுக்கையில் கிடந்திருப்பார், தெரிந்திருக்கும்.

சேமிப்புக்கெல்லாம் என்னைத்தான் நாமினியாகப் போட்டிருந்தார். “உன் பேர் போட்டாச்சு, அப்புறமென்ன?” என்பார். நாமினி என்பவர் பொதுவாகப் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பிக்க வேண்டியவர், அவ்வளவுதான். ஆயுள் காப்பீட்டு வழக்கொன்றில் 1984-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. அத்தை போன பிறகு பணம் என் கணக்கில் ஏறியது. பின்னாலேயே பெரியப்பா தரப்பு வக்கீல் நோட்டீஸும் வந்தது.

உயிலும் எழுதித்தான் வைத்திருந்தார். கோடு போட்ட நோட்டில், கரும்பலகையில் எழுதுகிற அதே முத்து முத்தான எழுத்தில், வீடு எனக்கென்று. கீழே கையெழுத்து, தேதி. சாட்சி மட்டும் இல்லை. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவுகூடக் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகளின் கையெழுத்து இல்லாவிட்டால் மட்டும் செல்லாது. ஊரில் பாதிப் பேருக்கு அட்டெஸ்டேஷன் வாங்க அலைந்து உதவியவர் அவர்! பால்காரரையும் எதிர்வீட்டுப் பையனையும் கூப்பிட்டிருந்தால் முடிந்திருக்கும்.

உயில் செல்லாது என்றானதும் 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்து நின்றது. கல்யாணமே ஆகாத, பிள்ளை, பெற்றோர் யாரும் இல்லாத பெண்ணின் சொத்து அவள் தகப்பனாரின் வாரிசுகளுக்குப் போகும். பெரியப்பாவுக்கு ஒரு பங்கு, சித்தப்பாவுக்கு ஒரு பங்கு. காலமான என் அப்பாவின் பங்கு அம்மா, நான், தம்பி மூவருக்கும். எனக்கு ஒன்பதில் ஒன்று.

இதே பெரியப்பாவின் பழைய கதை ஒன்று உண்டு. 1989-ல் தமிழ்நாட்டில் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் சம பங்கு வந்தது. அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அப்போது கிடைக்கவில்லை. கல்யாணமாகாததால்தான் அத்தைக்கு நிலத்தில் உரிமை கிடைத்தது. “ஒண்டிக்கட்டைக்கு நிலம் எதுக்கும்மா?” என்று பெரியப்பா விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அதனால், உயில் எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்கியாயிற்றா என்று உங்கள் அத்தையிடம் இன்றைக்கே கேளுங்கள். சொத்துக்கு அலைகிறாள் என்று பேசுவார்கள். எப்படியும் பேசத்தான் போகிறார்கள். சாட்சிகள் வயதில் சின்னவர்களாக இருக்கட்டும், வழக்கு வந்தால் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். உயிலில் ஆதாயம் இல்லாதவர்களாகவும் இருந்தால் நல்லது. நடமாட முடியாதவர் என்றால் டாக்டர் சான்று வாங்கிவிடுங்கள். சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யவும் வழியுண்டு.

மருந்துக்கடை பில், ஆயா சம்பளச் சீட்டு எதையும் நான் தூக்கிப் போடவில்லை. பங்கு பிரிக்க எல்லோரும் உட்காரும்போது அதையும் ஒன்பதாகப் பிரிக்கச் சொல்வதாக இருக்கிறேன்.